தொண்டை கட்டிய மூன்று வாரம்

நான் இணையத்தில் சினிமா விமர்சனம் பேசத் தொடங்கியது துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு. பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே மாவு அரைக்கும் கடை, எதிரே ஆட்டோ நிற்கும் இடம். தெருச் சத்தம் கொஞ்சமாவது குறைகிற ஒரே இடம் அந்த அலமாரிதான். கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். முகம் காட்ட மாட்டேன், பெயர் சொல்ல மாட்டேன். படத்தின் சுவரொட்டி மட்டும் திரையில் நிற்கும், குரல் மட்டும் ஓடும்.

பிழைப்புக்கு நான் செய்வது வேறு. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு அலுவலகத்தில் மென்பொருளில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடி எழுதிக் கொடுப்பது என் வேலை. பகலெல்லாம் தப்புத் தேடுகிற கண் சனி, ஞாயிறு தியேட்டருக்குப் போனாலும் மூடிக்கொள்வதில்லை. இடைவேளையில் நான் முணுமுணுப்பதைக் கேட்டுச் சலித்துப்போன என் கணவர்தான், "என்கிட்ட சொல்றத ஊருக்கே சொல்லு" என்று தொடங்கி வைத்தார்.

என் தீர்ப்புகள் மூன்றுதான். தியேட்டரில் பாருங்கள், வீட்டில் பாருங்கள், விட்டுவிடுங்கள். ஒரு பேய்ப் படம் வந்தது. பேய் ஏன் பேயானது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார்கள். அந்தப் பேய்க்கே கொட்டாவி வந்திருக்கும், விட்டுவிடுங்கள் என்றேன். மூன்று அண்ணன்களும் ஒரு தங்கையும் இரண்டரை மணி நேரம் மாறி மாறி அழுத குடும்பப் படத்தில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்த அண்ணி தனியாக உட்கார்ந்து பன் சாப்பிடுகிற ஒரு காட்சிக்காக, வீட்டில் பாருங்கள் என்றேன். ஓசூர் பேருந்து நிலையத்தில் நடக்கும் காதல் கதை ஒன்று யாரும் கவனிக்காமல் வந்தது. அதைத் தியேட்டரில் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். கேட்கிறவர்கள் மெதுவாகக் கூடினார்கள். திட்டுகிறவர்களும் இருந்தார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பிறகு பண்டிகைக்கு அந்தப் பெரிய நடிகரின் படம் வந்தது. காலை முதல் காட்சிக்குப் போனோம். வெளியே தாரை தப்பட்டை, உள்ளே முதல் இருபது நிமிடம் வசனமே கேட்கவில்லை. எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. போகப் போக உற்சாகம் வடிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரிக்குள் தலையை விட்டேன்.

"படத்துல பாதி நேரம் அவர் மெதுவா நடந்து வர்றாரு. எங்க போறாருன்னு அவருக்கும் தெரியல, நமக்கும் தெரியல. கதாநாயகி இடைவேளையோட காணாமப் போயிடுறாங்க. அவங்கள யாருமே தேடல. இயக்குநரும் தேடல. இவரை நம்பி விடியக்காலைல எழுந்து வந்த ஜனங்களுக்கு இவர் குடுத்தது ஒரு புதுக் கண்ணாடியும் ஒரு பழைய கதையும்தான். விட்டுடுங்க."

இதைத்தான் பேசினேன். அன்று சாயங்காலத்துக்குள் அது எனக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் போய்விட்டது. முதல் நாள் சிரிப்பு, இரண்டாம் நாள் வசை. மூன்றாம் நாள் காலை, இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டே வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: "நல்லா காது குடுத்துக் கேளுங்க. நாலாவது நிமிஷத்துல குப்பை வண்டி கன்னடத்துல கத்திட்டுப் போகுது. ஆளு பெங்களூரு." அதற்குக் கீழே இன்னொருவர்: "பேச்சக் கேட்டா அல்சூர் பக்கம் மாதிரி இருக்கு." அதற்கும் கீழே: "அந்த ஏரியால நம்ம பசங்க இருக்காங்க. பார்த்துக்கலாம்."

மிக்ஸியை நிறுத்தினேன். அந்த நேரத்தில் கீழே தெருவில் குப்பை வண்டி அதே பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அது என் வீட்டு முகவரியை ஒலிபெருக்கியில் படிப்பது போல இருந்தது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

கணவரிடம் போனைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "அழிச்சிடு" என்றார். அழித்தேன். ஆனால் அதற்குள் பத்துப் பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். பாதி வார்த்தைகளை வெட்டி, இன்னும் மோசமாகக் கேட்கும்படி ஒட்டியும் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அலுவலக கேப் வந்தது. அதை ஓட்டுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு வருடத்துக்கு மேலாக அவர்தான் என்னை அழைத்துப் போகிறார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. வண்டியின் முன்பக்கம் முருகன் படம். அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவில், லேமினேஷன் போட்ட அந்த நடிகரின் படம். ரசிகர் மன்றத்தில் பொறுப்பில் இருந்தார். முதலில் ஏறுவது நான். அடுத்த பெண் இந்திரா நகரில் ஏறுவாள், மூன்றாமவள் தொம்மலூரில். இந்திரா நகர் வரும்வரை நாங்கள் இருவர் மட்டும். அந்தக் கால் மணி நேரம் சினிமாதான் பேசுவோம். அவர் எந்தப் படத்தைப் புகழ்ந்தாலும் "ஆமாண்ணா, நல்லா இருந்துச்சு" என்று சொல்வது என் வழக்கம். காலை வேளையில் எதற்கு வாக்குவாதம் என்று நினைப்பேன்.

அன்று நான் கதவைச் சாத்தியதும் அவர் போனை எடுத்தார். "மேடம், இதக் கொஞ்சம் கேளுங்க. ஒரு பொம்பள என்ன பேச்சுப் பேசுதுன்னு பாருங்க."

வண்டிக்குள் என் குரல் நிறைந்தது. அலமாரிக்குள் பேசும்போது என் குரல் கொஞ்சம் கீழே இறங்கி, வேகமாகப் போகும். ஆனாலும் என் குரல் என் குரல்தானே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியில் அவர் கண்கள் என்னைப் பார்த்தன.

"இந்தக் குரல எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கு மேடம். நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். பேஜாரா இருக்கு. உங்களுக்கு யாராச்சும் ஞாபகம் வருதா?"

வாயைத் திறந்தால் முடிந்தது. நான் கையைத் தொண்டையில் வைத்து, தலையை ஆட்டினேன்.

"தொண்டை கட்டிடுச்சா? அடடா. பேசாதீங்க மேடம், ரெஸ்ட் குடுங்க."

இப்படித்தான் என் தொண்டை கட்டிக்கொண்டது.

பொய்யை வண்டிக்குள் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. கூட வரும் இரண்டு பெண்களும் என் அலுவலகம், ஒருத்தி என் பக்கத்து மேசை. ஆகவே அலுவலகத்திலும் ஊமையானேன். கூட்டங்களில் எழுதிக் காட்டினேன். மேலாளர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் கணவரிடம் கிசுகிசுப்பாகத்தான் பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எந்த நடிகரின் ரசிகர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் ஓட்டுநர் ஒரு சின்ன பிளாஸ்க்கை நீட்டினார். "வீட்ல மிளகு, சித்தரத்தை எல்லாம் போட்டுக் கஷாயம் வச்சாங்க. சூடா குடிங்க, சரியாப் போயிடும்." கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் போய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மிளகு வாசனைதான். ஆனாலும், ஒருவேளை அவருக்குத் தெரிந்திருந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. கை கழுவும் இடத்தில் முழுவதையும் ஊற்றிவிட்டு, கழுவிய பிளாஸ்க்கைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன். யாரோ ஒரு பெண் விடிகாலையில் எழுந்து எனக்காக வைத்த கஷாயம் அது.

அந்த வாரக் கடைசியில் அவரே சொன்னார். "நம்ம பசங்க விடல மேடம். குப்பை வண்டி வர்ற நேரத்த வச்சே கணக்குப் போட்டுட்டாங்க. அல்சூரு, ஜோகுபாளையம், மர்பி டவுன், இந்த மூணுக்குள்ளதான் அந்தப் பொம்பள இருக்குதாம்."

சிக்னலில் வண்டி நின்றது. நான் போனில் தட்டச்சு செய்து அவரிடம் காட்டினேன். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்?

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன பண்ணப் போறாங்க. வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்பு கேக்க வச்சு வீடியோ எடுப்பாங்க." பச்சை விழுந்தது. வண்டியை எடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆனா பசங்க சூடா இருக்காங்க. அஞ்சாறு பேர் சேர்ந்தா யாரு என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது. என் பேச்சையே இப்பல்லாம் கேக்க மாட்டேங்கிறானுங்க."

அதன்பிறகு நான் பயந்ததெல்லாம் சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். மாவுக் கடைக்கு முன்னால் இரண்டு பையன்கள் நின்று மாடியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பிறகு பார்த்தால் அவர்கள் காற்றாடி சிக்கிய கம்பியைப் பார்த்திருப்பார்கள். படிக்கட்டில் காலடி கேட்டால் எண்ணுவேன். முதல் மாடியோடு நின்றால்தான் மூச்சு வரும். ஒரு நாள் மெட்ரோவில் பின்னால் நின்ற பெண் தன் தோழியிடம் "விட்டுடுங்க" என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த நிலையத்திலேயே இறங்கி வீடுவரை நடந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். புதிதாக ஒரு போலீஸ் படம் வந்தது. மோசமான படம். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவனை அடித்துக் கொன்றுவிட்டு, அதற்குக் கைதட்டல் கேட்கிற படம். அதைப் பற்றிப் பேசாவிட்டால் பயந்து ஓடிவிட்டேன் என்று மோப்பம் பிடிப்பார்கள், பேசினால் இன்னொரு கூட்டம் கிளம்பும். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பேசினேன். "விறுவிறுப்பா இருக்கு. குடும்பத்தோட ஒரு தடவை பார்க்கலாம்." என் மூன்று தீர்ப்புகளில் இல்லாத நான்காவது தீர்ப்பு அது. கணவர் கேட்டுவிட்டு எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார். கருத்துகளில் வழக்கமாக எழுதும் ஒருவர், "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது வாரம் முடியும்போது என்னால் அந்த வண்டியில் ஏற முடியவில்லை. அலுவலகப் போக்குவரத்துப் பிரிவில், வண்டியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் காட்டினேன். காரணம் இல்லாமல் மாற்ற முடியாது, புகார் என்றால் ஆப்பில் போடுங்கள் என்றார்கள். ஆப்பைத் திறந்தேன். தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருந்தது. நேரத்துக்கு வருவதில்லை, வேகமாக ஓட்டுகிறார், பாதுகாப்பற்றதாக உணர்கிறேன். மூன்றாவதை அழுத்தினேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உணர்ந்தேன்தானே. ஆனால் ஓர் ஆண் ஓட்டுநரின் பெயருக்கு எதிரே ஒரு பெண் அதை அழுத்தினால் அதைப் படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் வேறு ஓட்டுநர் வந்தார். வடகர்நாடகத்துக்காரர், தமிழ் தெரியாது. நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். பல நாட்களுக்குப் பிறகு இந்திரா நகர்வரை தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கணவர் கறி வாங்கப் போயிருந்தார். காலிங் பெல் அடித்தது. காலடிச் சத்தத்தை எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். பழைய ஓட்டுநர். கையில் ஹெல்மெட். ஜன்னல் பக்கம் ஓடிப் பார்த்தால் கீழே பைக்கில் இன்னொரு ஆள், மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நடுத்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். கணவரை அழைக்கப் போனைத் தேடினால் அது சமையலறையில் கிடந்தது.

"மேடம், நான்தான். ரெண்டே நிமிஷம். நீங்க பேச வேணாம், நான் சொல்றதக் கேட்டாப் போதும்."

கதவுத் துளையில் மறுபடி கண்ணை வைத்தேன்.

"எனக்கு வண்டி குடுக்க மாட்டேங்கிறாங்க மேடம். ஒரு லேடி எம்ப்ளாயி பயமா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். என் வண்டியில நீங்க மூணு பேர்தான். மத்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன், அவங்க இல்லன்னு சத்தியம் பண்றாங்க. வீட்ல பொண்ணுங்க கேக்குதுங்க, என்னப்பா பண்ணினேன்னு. நான் ஏதாச்சும் தப்பாப் பார்த்தேனா மேடம்? தப்பா ஒரு வார்த்தை பேசினேனா? அத மட்டும் சொல்லிடுங்க. என் மச்சான் கீழ நிக்கிறான், அவன் முன்னாடி கேக்க வெக்கமா இருக்குன்னுதான் நான் மட்டும் மேல வந்தேன்."

பேசாமல் இருந்தால் அவர் போய்விடுவார். போயே விடுவார், நான் தப்பித்துக்கொள்வேன். அப்படி ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

"அண்ணா" என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் கேட்ட என் குரல். "நீங்க ஒரு தப்பும் பண்ணல. புகார் எழுதினது நான்தான். அந்த வீடியோவுல பேசினதும் நான்தான்."

தாழ்ப்பாள் இரண்டையும் எடுத்தேன். சங்கிலியைப் போட்டபடியே கதவைக் கொஞ்சம் திறந்தேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மடியில்.

"நீங்களா" என்றார்.

"நான்தாண்ணா."

"தொண்டை?"

"ஒண்ணும் இல்ல. நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயம்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் வந்து அடிப்பேன்னு நினைச்சீங்களா மேடம்?"

"நினைச்சேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் என்று எதிர்பார்த்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு. "ஒரு வருஷமா நான் ஒவ்வொரு படத்தையும் சொல்லும்போது ஆமாண்ணா ஆமாண்ணான்னீங்களே. அப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சிரிக்கல. சண்டை வேணாம்னு சொன்னேன்" என்றேன். அது பாதி உண்மை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"படம் நல்லா இல்லன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன்? என் பெரிய பொண்ணே நல்லா இல்லன்னுதான் சொன்னா." எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "குரூப்ல பசங்க என்னென்ன எழுதறானுங்கன்னு நானும் படிக்கிறேன். நீங்க பயந்தது தப்பில்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்குப் போய் ஆபீஸ்ல சொல்லிடுங்க மேடம். எனக்குப் பேரு கெட்டுப்போச்சு."

படியிறங்கிப் போனார். பைக் கிளம்பும்வரை சங்கிலியை எடுக்கவில்லை. அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை போக்குவரத்துப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் கன்னடத்துக்காரர், என்னிடம் தமிழும் கலந்து பேசுவார். "யாகே, ஏன் மேடம், அவ்ரு வந்து மிரட்டினாரா? பயப்படாம சொல்லுங்க" என்றார். நான் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொல்லி, என் பெயரில் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அது மனிதவளப் பிரிவுக்குப் போனது. பொய்ப் புகாருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் குரல் யாருடையது என்பது இப்போது அலுவலகத்தில் நான்கைந்து பேருக்குத் தெரியும். அந்த வாரமெல்லாம் வேலை போய்விடும் என்ற பயம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை போகவில்லை.

அவருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் விதிப்படி என்னை ஏற்றும் தடத்தில் அவரைப் போட மாட்டார்களாம். பொம்மனஹள்ளிப் பக்கம் போட்டார்கள். அவர் வீட்டிலிருந்து அது தூரம். நான் எழுதிக் கொடுத்தும் அதை மாற்ற முடியவில்லை. சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் சில நாள் பார்ப்பேன். "வணக்கம் மேடம்" என்பார். சினிமா பேச மாட்டார்.

தேடிய பையன்கள் யாரும் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் வேறொரு நடிகரின் ரசிகர்களோடு அவர்களுக்குச் சண்டை வந்தது, என்னை மறந்துவிட்டார்கள். அவர்கள் மறந்தது எனக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

போலீஸ் படத்துக்கு மறுபடி ஒரு விமர்சனம் போட்டேன். முன்பு சொன்னது பயத்தில் சொன்னது, படம் மோசம் என்று சொல்லிவிட்டேன். பலர் நம்பவில்லை, சிலர் விலகிப் போனார்கள். தொடர்ந்து பேசுகிறேன். போன வாரம் ஒரு பெரிய படம். தம்பிக்காக அண்ணன் ஊரையே எரிக்கிற கதை. சண்டைகள் நன்றாக இருந்தன, எரிந்த வீடுகளில் இருந்தவர்கள் யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அதைச் சொன்னேன். கணவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடியோவை ஏற்றிவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பைக் வந்து நின்றது. நான் பேச்சை நிறுத்தினேன், அவரும் நிறுத்தினார். முதல் மாடி வீட்டுக்கு ஏதோ பார்சல். கொடுத்துவிட்டு அந்த ஆள் படியிறங்கி, பைக்கை உதைத்து, தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு அரிசி களையப் போனேன்.